ஜிஞ்சர்பிரெட் மாவு அதிரச மாவுக்குச் சொந்தம்

மன்னார்குடியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “போன கிறிஸ்துமஸுக்கு முதல்முறையாக வீட்டில் ஜிஞ்சர்பிரெட் குக்கி செய்தேன். மொலாசஸ் எங்கும் கிடைக்கவில்லை, வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். மாவு தளர்ந்துவிட்டது என்று இன்னும் கொஞ்சம் மைதா போட்டேன். பொம்மை பொம்மையாக வெட்டி அவனில் வைத்தால், எல்லாம் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மேலே போட்ட ஐசிங் மறுநாள் காலை வரை பிசுபிசுவென்றே இருந்தது. இந்த வருஷம் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுக்க ஆசை. அதில் பாதி வீட்டில் முட்டை சாப்பிட மாட்டார்கள். எங்கே தப்பு செய்தேன் அக்கா?”

தப்பு என்று சொன்னால் ஒன்றுதான். கேக்குக்கு மாவு கலக்குவதுபோல நினைத்துக் கலக்கியிருக்கிறீர்கள். ஜிஞ்சர்பிரெட் அதிரசத்துக்குச் சொந்தம். பாகு காய்ச்சி, சுக்குப் பொடி போட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, ஓர் இரவு மூடிவைத்து, மறுநாள் எடுத்துச் சுடுகிற பலகாரம் இது. பாகுப் பதம் தப்பிய அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும் இல்லையா? உங்கள் பொம்மைகள் பரந்ததும் அதே காரணத்தால்தான். தீபாவளிக்கு உங்கள் வீட்டில் அதிரசம் சுடுகிறவர் யாரோ, அம்மாவோ பெரியம்மாவோ, அவருக்கு இந்தப் பலகாரத்தில் முக்கால் பாகம் ஏற்கெனவே தெரியும். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நான் கும்பகோணத்தில் பதினான்கு வருஷமாக ஒவ்வொரு டிசம்பரிலும் இதைச் செய்கிறேன். ஆரம்பத்தில் வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே வைத்துக்கொண்டுதான் செய்தேன். மொலாசஸ், பிரவுன் சுகர், ஆல்ஸ்பைஸ் என்று ஒவ்வொன்றையும் தேடி அலைந்து வாங்கியும் சரியாக வரவில்லை. ஒரு தீபாவளிக்கு அம்மா அதிரசப் பாகை இறக்கி மாவைக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. அன்றிலிருந்து இந்தக் குக்கிக்காக நான் வெளியூரில் எதுவும் வாங்கியதில்லை.

ஐரோப்பாவில் இதைப் பரம்பரையாகச் செய்கிறவர்களும் மாவை ஊறத்தான் வைக்கிறார்கள். ஜெர்மனியில் தேனையோ பாகையோ சூடாக்கி மாவில் பிசைந்து, வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில்கூட, குளிர்ந்த அறையில் மூடி வைத்துவிடுவார்கள். மசாலாவும் பொங்கவைக்கும் உப்பும் பிறகு, சுடுவதற்கு முன்னால்தான் சேரும். நூரம்பெர்க் நகரத்து ஜிஞ்சர்பிரெட்டான லெப்கூகனுக்கு 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது, நம் மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த மாதிரி.

அதே ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ரொட்டிக்காரர்களுக்கு 1558இலேயே இந்தப் பலகாரத்தைச் சுட உரிமை கொடுத்திருக்கிறார்கள். இன்றும் அந்த ஊருக்கு அதுதான் அடையாளம். அவர்கள் வைத்த பேர் ஃபெஃபர்கூகன், அதாவது மிளகுக் கேக். கடல் கடந்து வந்த வாசனைச் சரக்கு எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் மிளகு என்றே சொல்லிவிட்டார்கள். இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9ஆம் தேதி வந்து இறங்கி, தமிழ் படித்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டாரே சீகன்பால்கு, அவர் 1682இல் பிறந்தது அந்தப் புல்ஸ்னிட்ஸில்தான். தரங்கம்பாடியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போய் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர்ப் பேர் நினைவுக்கு வரும். மிளகும் சுக்கும் இந்தியக் கரையிலிருந்து அங்கே போயின. அந்த வாசனைக்குப் பேர்போன ஊர்க்காரர் ஒருவர் நம் கரைக்கு வந்து இங்கேயே அடங்கியிருக்கிறார். ஜிஞ்சர்பிரெட் நமக்கு அந்நியப் பண்டம் என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

சரி, பாகுக்கு வருவோம். மொலாசஸ் கிடைக்கவில்லை என்று வருத்தப்படவே வேண்டாம். கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கரும்பாகு அது. வெல்லத்தில் சர்க்கரையும் அந்தக் கரும்பாகும் பிரியாமல் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் வெளிநாட்டுக் குறிப்பில் மொலாசஸும் பிரவுன் சுகரும் என்று இரண்டாக எழுதியிருப்பது நமக்கு வெல்லம் என்ற ஒன்றிலேயே அடங்கிவிடும். ஆனால் எந்த வெல்லம் என்பது முக்கியம். மஞ்சளாகப் பளபளவென்று இருப்பதை எடுக்காதீர்கள். நிறம் வெளுக்க ஹைட்ரஸ் என்ற ரசாயனம் போட்டுக் காய்ச்சியதாக இருக்கலாம், குக்கிக்கு வேண்டிய ஆழமான ருசியும் அதில் இருக்காது. ஐயம்பேட்டை, கணபதி அக்ரகாரம் பக்கம் பொங்கலை முன்னிட்டு அச்சு வெல்லம் காய்ச்ச ஆரம்பிப்பார்கள். அங்கேயோ அங்கிருந்து வரும் கடைகளிலோ கறுத்த வெல்லமாகக் கேட்டு வாங்குங்கள். அதோடு மூன்றில் ஒரு பங்கு பனங்கருப்பட்டி சேர்த்தால், மொலாசஸில் இருக்கிற அந்த லேசான கசப்பும் புகை வாசனையும் வந்துவிடும். இது என் சொந்த அனுபவம், பல வருஷம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துச் சொல்கிறேன். சர்க்கரை ஆலையில் கிடைக்கும் மொலாசஸைத் தெரிந்தவர் மூலம் வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், அது சாப்பாட்டுக்கான சுத்தத்தில் எடுக்கப்படுவதில்லை.

அளவு சொல்கிறேன். ஒரு ஈட்டுக்கு வெல்லம் 150 கிராம், கருப்பட்டி 75 கிராம், தண்ணீர் 60 மில்லி. உங்கள் குக்கி பரந்ததற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. வெல்லம் கரைய வேண்டுமே என்று ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள், கரைந்ததும் இறக்கியிருப்பீர்கள். அந்தத் தண்ணீர் முழுக்க மாவுக்குள் போய்விட்டது. கரைந்ததை வடிகட்டி, கல் மண் நீக்கி, மறுபடி அடுப்பில் வைத்து, விரலில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிற பிசுக்குப் பதம் வரும்வரை காய்ச்ச வேண்டும். கம்பிப் பதத்துக்கு விடக்கூடாது. அதிரசத்துக்குத் தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிற பதம் வேண்டும், இதற்கோ அந்தப் பதத்துக்கு நன்றாக முன்னாலேயே இறக்கிவிட வேண்டும். கம்பி வந்துவிட்டால் மாவு ஆறினதும் கல்லாகி, திரட்டும்போது ஓரமெல்லாம் வெடிக்கும். கையில் தராசு இருந்தால் இன்னும் சுலபம். காலிப் பாத்திரத்தின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பாகு மட்டும் 260 கிராம் அளவில் நிற்கும்போது இறக்குங்கள்.

இறக்கிய சூட்டிலேயே 115 கிராம் வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போடுங்கள். கடையில் வாங்கும் பட்டரில் உப்பு இருந்தால் தனியாக உப்பு வேண்டாம். வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயில் மோர்த் தண்ணீர் நிறைய நிற்கும், அது மறுபடி பரவலில் கொண்டுபோய் விடும். அப்படியானால் அதை உருக்கி நெய்யாக்கி 95 கிராம் சேர்ப்பது மேல். நெய்யில் செய்தால் குக்கி கொஞ்சம் மணல்மணலாக உதிரும், நான்கட்டாய் போல. எனக்குப் பிடிக்கும், ஆனால் பொம்மைக்குக் கை கால் ஒடியாமல் நிற்க வெண்ணெய்தான் நல்லது.

வெண்ணெய் உருகினதும், சூடு இருக்கும்போதே, பொடிகளைப் போட வேண்டும். சூடான கொழுப்பில்தான் வாசனை முழுதாக இறங்கும். சுக்குப் பொடி ஒரு மேசைக்கரண்டி, பட்டைப் பொடி இரண்டு தேக்கரண்டி, கிராம்பு பத்து, மிளகு பத்து, ஜாதிக்காய் துருவியது கால் தேக்கரண்டி. ஆல்ஸ்பைஸுக்கு அலைய வேண்டாம், கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் சேர்ந்தால் அதன் வாசனை ஏறக்குறைய வந்துவிடும். ஏலக்காய் இரண்டுக்கு மேல் போடாதீர்கள். கூடிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டுப் பாயச வாசனை முன்னால் வந்து நிற்கும்.

சுக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்தப் பலகாரத்துக்குப் பேரே அதுதான் என்பதால். பச்சை இஞ்சியைத் துருவிப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளிலிருந்து வருகிறது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது, அதன் காரம் இன்னும் அதிகம். சுக்குக் காபி குடித்தால் தொண்டைக்குள் இறங்கி நின்று சுடுகிறதே, அந்தச் சூடுதான் இந்தக் குக்கிக்கு வேண்டியது. இஞ்சிச் சாறு அதைக் கொடுக்காது, தண்ணீரையும் சேர்த்துவிடும். பொடி வாங்காமல் முழுச் சுக்காக வாங்குங்கள். சுக்குக்குப் புறநஞ்சு என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம், மேல்தோலைச் சீவிவிட வேண்டும். வெளுப்பாக இருக்கிற சுக்கில் பெரும்பாலும் சுண்ணாம்பு தடவியிருக்கும், அதற்காகவும் சீவ வேண்டும். தட்டி, மிக்சியில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து வஸ்திரகாயமாக எடுங்கள். நார் இருந்தால் குக்கி கடிக்கும்போது வாயில் தட்டும்.

பாகும் வெண்ணெயும் பொடியும் சேர்ந்த கலவை கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். அப்புறம் காய்ச்சி ஆறிய பால் இரண்டு மேசைக்கரண்டி. இது முட்டைக்குப் பதில். தயிர் போடலாமே என்று தோன்றும். தயிரின் புளிப்பில் சோடா அப்போதே பொங்கி, ராத்திரியோடு ராத்திரியாக அடங்கிவிடும், அதனால்தான் பால். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குச் செய்தால் பாலுக்குப் பதில் ஒரு முட்டையை அடித்து ஊற்றலாம், ஆனால் அந்த மாவைக் கட்டாயம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். உங்கள் தெருவில் பாதி வீடு முட்டை வேண்டாதவர்கள் என்பதால் எல்லாவற்றையும் முட்டையில்லாமலே செய்துவிடுங்கள். இரண்டு விதமாகச் செய்தால் டப்பா மாறிப்போகும்.

இனி மைதா 350 கிராம், ஆப்ப சோடா அரை தேக்கரண்டி, இரண்டையும் சேர்த்துச் சலித்து வைத்துக்கொண்டு கலவையில் கொட்டிக் கரண்டியால் கிளறுங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் சோடா ஒரு தேக்கரண்டி என்று இருக்கும். மொலாசஸில் புளிப்பு கூடுதல், அது சோடாவை வாங்கிக்கொள்ளும். நம் வெல்லத்துக்குச் சாறு காய்ச்சும்போதே சுண்ணாம்பு போட்டுத் தெளியவைப்பதால் புளிப்பு குறைவு. சோடா மிஞ்சினால் குக்கி ஊதிப் பரவும், சோப்பு மாதிரி ஒரு ருசியும் நிற்கும். அதற்காகச் சோடாவை அடியோடு விட்டுவிடவும் கூடாது. மாவை லேசாகத் தூக்கிவிடுவதோடு, அந்த ஆழ்ந்த பழுப்பு நிறம் ஏறவும் அதுதான் துணை. அப்பளக்காரமும் ஆப்ப சோடாவும் ஒன்றில்லை, மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் மனத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். கிளறி முடித்ததும் மாவு தளர்ந்து, கரண்டியில் ஒட்டி, இது எப்படித் திரட்ட வரும் என்று பயமாக இருக்கும். போன வருஷம் நீங்கள் மைதாவை அள்ளிப் போட்டது இப்போதுதான். போடாதீர்கள். அதிரச மாவும் கிளறினதும் தளர்ந்துதான் இருக்கும், மறுநாள் பார்த்தால் இறுகியிருக்கும். அதேதான் இங்கேயும். ராத்திரி முழுக்க மைதா பாகிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெண்ணெய் உறையும், மாவின் இழுவை தளர்ந்து வெட்டின வடிவம் சுருங்காமல் நிற்கும், சுக்கின் முரட்டுத்தனம் அடங்கி மற்ற வாசனைகளோடு கலக்கும். தட்டையாகத் தட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். மூன்று நாள் வரை தாராளமாக இருக்கும், மூன்றாம் நாள் சுடுவது இன்னும் ருசி.

மறுநாள் எடுத்ததும் கல் மாதிரி இருக்கும். கால் மணி நேரம் வெளியே வைத்து, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துச் சப்பாத்திக் குழவியால் திரட்டுங்கள். மாவு தூவ வேண்டிய அவசியமே இருக்காது. 4 மில்லிமீட்டர் கனம் போதும், இரண்டு பக்கமும் பழைய மர ஸ்கேலை வைத்துக்கொண்டு அதன் மேல் குழவியை ஓட்டினால் சீராக வரும். கடை அச்சில் அந்த மனித பொம்மையைத்தான் வெட்ட வேண்டும் என்று ஒன்றுமில்லை. நான் தகரப் பட்டையை வளைத்துத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வடிவத்தில் ஓர் அச்சு செய்து வாங்கியிருக்கிறேன். அடி உருண்டையாக, மேலே கூம்பாக, கை கால் எதுவும் நீட்டிக்கொண்டு நிற்காத வடிவம் என்பதால் ஒடிவதே இல்லை. வட்டம் வெட்ட டம்ளரே போதும். வெட்டினதைத் தட்டோடு பத்து நிமிஷம் மறுபடி குளிரவைத்துவிட்டு அவனுக்குள் வையுங்கள். சூடான தட்டில் மாவை வைக்காதீர்கள், அடி உருகிப் பரந்துவிடும்.

ஓடிஜி அவனை 170 டிகிரியில் பத்து நிமிஷம் முன்கூட்டியே சூடாக்கி, நடுத்தட்டில் 9 முதல் 11 நிமிஷம். பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள், பின்பக்கம் எப்போதும் சூடு அதிகம். ஓரம் இறுகி, நடுவில் விரலால் அழுத்தினால் இன்னும் லேசாகக் குழியும்போதே எடுத்துவிட வேண்டும். பாகுப் பலகாரம் ஆறும்போதுதான் இறுகும். மொறுமொறுப்பு வரட்டும் என்று உள்ளேயே விட்டால் கருப்பட்டி கருகிக் கசக்கும். ஐந்து நிமிஷம் தட்டிலேயே இருக்கட்டும், அப்புறம் மாவு சலிக்கும் சல்லடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஆறவிடுங்கள். அடியில் வேர்க்காது.

அவன் இல்லாதவர்கள் அடிகனமான குக்கரிலோ இரும்பு வாணலியிலோ உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் விசிலும் இல்லாமல் மூடி, பத்து நிமிஷம் சூடேற்றி, ஒரு ஸ்டாண்டின் மேல் தட்டை வைத்து 15 நிமிஷம்போலச் சுடலாம். ஒரு நேரத்தில் ஆறோ ஏழோதான் கொள்ளும், மேல்பக்கம் வெளுப்பாக இருக்கும், ருசியில் குறை இல்லை.

இனி ஐசிங். உங்கள் ஐசிங் காயாததற்குக் கைப்பக்குவம் காரணமில்லை, காற்று. முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் சுகரை அடித்துச் செய்கிற ராயல் ஐசிங் காய்வது என்றால் அதிலுள்ள தண்ணீர் காற்றுக்குப் போவதுதான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கிற நம் டிசம்பரில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கிறது, டப்பாவில் உப்பு கசிகிற நாட்கள். அந்தக் காற்று மேற்கொண்டு ஈரத்தை வாங்காது. ஐரோப்பாவில் வெளியே பனி பெய்தாலும் கணப்பு போட்ட அறைக்குள் காற்று காய்ந்து கிடக்கும், மூன்று மணி நேரத்தில் ஐசிங் ஓடாகிவிடும். அந்தக் குறிப்பில் இருக்கிற நேரம் நமக்குப் பொருந்தாது. நான் செய்வது இதுதான்: மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கிற நாளில் காலை பத்து மணிக்கு மேல் ஐசிங் போடுகிறேன், ஃபேனுக்கு நேர் கீழே வைக்கிறேன். ஏசி அறை இருக்கிற வீட்டில் ஏசியைப் போட்டு அங்கே வைத்தால் மிக நல்லது, அது ஈரத்தை இழுத்து வெளியே தள்ளிவிடும். இரண்டும் முடியாத அடைமழை நாளில் ஓடிஜியை ஐந்து நிமிஷம் குறைந்த சூட்டில் வைத்து, அணைத்து, உள்ளே கையை விட்டால் இதமாக இருக்கிற சூட்டுக்கு இறங்கினதும் குக்கிகளை உள்ளே வைத்துக் கதவை லேசாகத் திறந்து விடுகிறேன். சூடு கூடினால் வெண்ணெய் கசிந்து ஐசிங்கில் மஞ்சள் திட்டாகத் தெரியும், அவசரம் வேண்டாம். குக்கி முழுக்க ஆறாமல் ஐசிங் போடுவதும் அதே மாதிரிக் கெடுதல்.

முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதில் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். சுண்டலுக்கு வேகவைக்கும்போது உப்புப் போடாமல் வேகவைத்து, வடித்த தண்ணீரைக் கொழகொழவென்று வற்றவைத்து, ஃபிரிட்ஜில் குளிரவையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எடுத்து நுரைக்க அடித்து, ஐசிங் சுகர் 160, 170 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, எலுமிச்சைச் சாறு அரை தேக்கரண்டி விட்டு அடித்தால், ராயல் ஐசிங் மாதிரியே வெள்ளை வெளேரென்று வரும். கடலை வாசனை காய்ந்த பிறகு துளியும் தெரியாது. முட்டை ஐசிங்கைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகக் காயும், அவ்வளவுதான். பச்சை முட்டையைச் சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கொடுக்கக்கூடாது என்பதால், முட்டை சாப்பிடுகிற வீடுகளுக்கும் நான் இப்போது இதைத்தான் செய்கிறேன். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கவே கூடாது, நுரை எழும்பாது. ஐசிங் சுகரை வீட்டில் அரைத்தால் சுக்கு மாதிரியே துணியில் சலியுங்கள், ஒரே ஒரு குருணை போதும், கோன் அடைத்துக்கொள்ளும்.

கோடு போடுகிற பதம் என்பது கரண்டியைத் தூக்கினால் நுனி நின்று, கிளிமூக்கு மாதிரி வளைய வேண்டும். மருதாணி கோன் சுற்றத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. பட்டர் பேப்பரைக் கோனாகச் சுற்றி, நுனியை ஊசி நுழைகிற அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். பால் பாக்கெட்டை வெட்டிச் செய்யலாம் என்பார்கள், எவ்வளவு கழுவினாலும் அதில் கொழுப்பு ஒட்டியிருக்கும், வேண்டாம்.

அலங்காரத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் அழுத்தமானது. வண்ணம் வேண்டாம். பழுப்பு நிறக் குக்கியின் மேல் வெள்ளை இழை என்பது சாணம் தெளித்த வாசலில் மாக்கோலம். அதைவிட அழகு எந்தக் கலரும் கொடுக்காது. செக் நாட்டில் பார்டுபிட்ஸே என்ற ஊரின் ஜிஞ்சர்பிரெட்டில் இப்படித்தான் வெள்ளை இழையாலேயே சரிகை பின்னுகிறார்கள். வடக்கு குரோஷியாவில் சிவப்பு மெழுகிய இதய வடிவில் செய்து அதன் மேல் வெள்ளையாலும் வண்ணங்களாலும் எழுதுகிறார்கள், அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2010இல் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நமக்கோ மார்கழியில் ஒவ்வொரு தெருவிலும் இதற்கான கை தயாராக இருக்கிறது. டிசம்பர் 25 எப்போதும் மார்கழிக்குள்தான் வரும், வாசலில் காலையில் போட்ட கோலத்தையே சாயங்காலம் குக்கியில் சின்னதாகப் போடலாம்.

ஏழு சென்டிமீட்டர் வட்டத்துக்கு 5 புள்ளியிலிருந்து 1 வரை ஊடுபுள்ளி அளவாக இருக்கும், சின்னக் குக்கிக்கு மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி. முதலில் புள்ளிகளை மட்டும் எல்லாக் குக்கியிலும் வைத்துவிடுங்கள். அவை தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகினதும் இழை. கோனின் நுனியைக் குக்கியில் உரசி இழுக்காதீர்கள். ஆரம்பத்தில் தொட்டு, ஒரு விரற்கடை உயரம் தூக்கி, இழை தானாக விழ விழ அதை வளைவில் படுக்கவைத்து, முடிகிற இடத்தில் மறுபடி தொடுங்கள். மாவில் துணியை நனைத்து மோதிர விரல் வழியாக மாவை ஒழுகவிட்டுக் கோலம் போடுகிற பாட்டிமார் செய்வது இதேதான், மாவு வழிவதற்குக் கை இடம் கொடுக்கும், தள்ளாது. கை நடுங்கினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். சிக்குக் கோலத்தில் இழை ஒன்றையொன்று தாண்டும் இடத்தில், கீழே இருக்கிற இழை லேசாகக் காய்ந்த பிறகு மேல் இழையைப் போட்டால் முடிச்சு எடுப்பாகத் தெரியும். தலையாட்டி பொம்மைக்குப் பாவாடை விளிம்பில் மூன்று வரி, கழுத்தில் ஒரு வரி, கண் இரண்டு, அதற்கு மேல் போனால் நெரிசல்.

கிறிஸ்துமஸ் குடிலையே இந்த மாவில் செய்ய முடியுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. முடியும். சோடாவை விட்டுவிடுங்கள், 6 மில்லிமீட்டர் கனத்தில் திரட்டி, 15 நிமிஷத்துக்கு மேல் நன்றாக வறளச் சுடுங்கள். சூடாக இருக்கும்போதே ஓரங்களைக் கத்தியால் நேராக்கிக்கொண்டால் சுவரும் கூரையும் சரியாகப் பொருந்தும். கூரைக்கு நாட்டு ஓடு மாதிரிக் கத்தி முனையால் கீறிவிட்டால், திண்ணை வைத்த நம் ஊர் ஓட்டு வீடாகவே ஆகிவிடும். ஆனால் மழைக்காலத்தில் நாலைந்து நாளுக்கு மேல் சுவர் நிமிர்ந்து நிற்காது, 24ஆம் தேதிதான் கட்ட வேண்டும்.

நமத்துப்போவதற்கும் எறும்புக்கும் ஒரே பாதுகாப்பு, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா. அடியில் பட்டர் பேப்பர், ஒவ்வோர் அடுக்குக்கு நடுவிலும் பட்டர் பேப்பர், டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்கு நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். ஐசிங் போடாத குக்கி கொஞ்சம் விறைத்துவிட்டால், ஒரு துண்டு ஆப்பிளைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து டப்பாவுக்குள் ஒரு ராத்திரி மூடிவையுங்கள், மெத்தென்று ஆகிவிடும். ஜெர்மனியிலும் இதைச் செய்கிறார்கள். ஐசிங் போட்டதன் பக்கத்தில் ஆப்பிளைக் கொண்டுபோகவே கூடாது.

உங்கள் பன்னிரண்டு வீட்டுக்கு நாலு நாலாகக் கொடுத்தால் 48 வேண்டும். மேலே சொன்ன அளவில் 35, 40 வரும். உடைவது, வீட்டில் தின்பது எல்லாம் சேர்த்து இரண்டு ஈடு போட்டுவிடுங்கள், ஆனால் பாகை இரண்டு தடவையாகத் தனித்தனியே காய்ச்சுங்கள். ஒன்றாகக் காய்ச்சினால் பதம் வர நேரம் வேறாகிவிடும். 19ஆம் தேதிக்குள் சுக்கும் பட்டையும் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 20 ராத்திரி பாகும் மாவும். 22ஆம் தேதி சுடுவது. 23 காலை வெயிலைப் பார்த்துக் கோலம். அன்று மழை என்றால் 24 காலை ஒரு வாய்ப்பு கையில் இருக்கும், அதற்காகத்தான் ஒரு நாள் இடைவெளி விட்டிருக்கிறேன். 24 சாயங்காலம் விரல் நகத்தால் ஐசிங்கின் ஓரத்தைத் தட்டிப் பாருங்கள், டக்கென்று சத்தம் வந்தால் அடுக்கலாம். ஒவ்வொரு பொட்டலத்திலும் ‘முட்டை சேர்க்கவில்லை, கொண்டைக்கடலைத் தண்ணீரில் செய்த ஐசிங்’ என்று ஒரு சின்னச் சீட்டு எழுதி வைத்துவிடுங்கள். கேட்கக் கூச்சப்படுகிற வீட்டிலும் சீட்டைப் படித்துவிட்டுத் தயங்காமல் எடுத்துச் சாப்பிடுவார்கள்.